ஒரு கையில் துப்பாக்கி, மறு கையில் தொலைபேசி: ஒரு தீர்ப்புப் பத்திக்கு உரை

மூலம்:

"வீட்டைக் காத்துக்கொள்ள ஒரு குடிமகன் கைத்துப்பாக்கியை விரும்புவதற்குப் பல காரணங்கள் உண்டு. அவசரத்தில் உடனே எட்டும் இடத்தில் அதை வைத்துக்கொள்வது எளிது. தாக்க வருபவர் அதைத் திருப்பிவிடுவதோ பிடுங்கிக்கொள்வதோ எளிதல்ல. நீளத் துப்பாக்கியைத் தூக்கிக் குறிபார்க்கத் தோளிலும் கைகளிலும் வலு இல்லாதவர்களுக்கு அதைப் பயன்படுத்துவது எளிது. ஒரு கையால் அதைத் திருடனை நோக்கிப் பிடித்தபடி மறு கையால் போலீஸுக்குத் தொலைபேசி செய்யலாம். காரணம் எதுவானாலும் சரி, வீட்டுத் தற்காப்புக்கு அமெரிக்கர்கள் மிகுதியும் தேர்ந்துகொள்ளும் ஆயுதம் கைத்துப்பாக்கியே. அதன் பயன்பாட்டை முற்றாகத் தடைசெய்வது செல்லாது."

துப்பாக்கிக் கடையில் விற்பனையாளர் சொல்லும் பேச்சைப் போல இருக்கிறது. எழுதியவர் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஆன்டனின் ஸ்கலியா. கொலம்பியா மாவட்டம் எதிர் ஹெல்லர் வழக்கில் 2008 ஜூன் 26 அன்று வந்த தீர்ப்பில் இந்தப் பத்தி இருக்கிறது. ஐந்து நீதிபதிகள் ஒருபுறம், நால்வர் மறுபுறம்.

பத்தி எதற்கு விடையாக வந்தது என்று தெரியாமல் உரை சொல்ல முடியாது. கொலம்பியா மாவட்டம் என்ற வாஷிங்டன் நகரம் 1976-இல் கைத்துப்பாக்கிகளைப் புதிதாகப் பதிவு செய்வதை நிறுத்திவிட்டது. பதிவு இல்லாத துப்பாக்கி குற்றம் என்பதால் அது தடையேதான். ரைபிள், ஷாட்கன் போன்ற நீளத் துப்பாக்கிகளை வீட்டில் வைத்திருக்கலாம். ஆனால் தோட்டாக்களை எடுத்துவிட்டுக் கழற்றி வைக்க வேண்டும், அல்லது விசைக்குப் பூட்டுப் போட வேண்டும். டிக் ஹெல்லர் ஒரு கூட்டரசுக் கட்டடத்தில் காவலர். பகலில் இடுப்பில் கைத்துப்பாக்கியோடு வேலை பார்த்தவருக்கு, வீட்டில் ஒன்று வைத்துக்கொள்ள நகரம் அனுமதி மறுத்தது. "நீளத் துப்பாக்கிதான் அனுமதிக்கப்பட்டிருக்கிறதே, அது போதாதா?" என்பது நகரத்தின் வாதம். அதற்கு ஸ்கலியா சொன்ன விடையே மேலே உள்ள பத்தி.

துப்பாக்கி வாங்க நினைப்பவர் இதை வழிகாட்டியாக எடுத்துக்கொண்டால் பாதி சரி, பாதி தவறு. எது எந்தப் பாதி என்று பார்ப்பதற்கே இந்த உரை. படிக்கும்போது ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளலாம்: இந்தப் பத்தி காட்டும் வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? வீட்டுக்காரர் ஒருவர், திருடர் ஒருவர். அவ்வளவுதான்.

"வீட்டைக் காத்துக்கொள்ள ஒரு குடிமகன்"

வீடு என்ற சொல்லுக்கு ஆங்கிலச் சட்டத்தில் நெடிய நிழல் உண்டு. ஒருவனுடைய வீடு அவனுக்குக் கோட்டை என்ற கருத்து 1604-இல் செமெய்ன் வழக்கில், எட்வர்ட் கோக் எழுதி வைத்த குறிப்பில் நிலைபெற்றது. வீட்டுக்குள் வந்து தாக்குபவரிடமிருந்து வீட்டுக்காரர் பின்வாங்கி ஓட வேண்டியதில்லை என்று அமெரிக்க மாநிலச் சட்டங்கள் சொல்வதன் வேர் அங்கே இருக்கிறது.

அந்தக் கோட்டையின் சுவரைத்தான் தட்டிப் பார்க்க வேண்டும். அமெரிக்கப் புறநகர் வீட்டின் உட்சுவர் மரச்சட்டங்களின் இருபுறமும் அறைந்த ஜிப்சம் பலகை. ஒவ்வொரு பலகையும் அரை அங்குலக் கனம், நடுவே வெற்றிடம். செங்கல் சுவருக்குப் பழகிய நமக்கு இது பிடிபடச் சற்று நேரமாகும். ஒன்பது மில்லிமீட்டர் கைத்துப்பாக்கிக் குண்டு இப்படிப்பட்ட சுவர்களை ஒன்றன்பின் ஒன்றாகத் துளைத்துப் போகும். ஷாட்கன்னின் பெரிய ஈயக் குண்டுகளும் போகும். குறி தவறிய குண்டு அடுத்த அறைக்குப் போகிறது. அடுத்த அறையில் குழந்தைகள் தூங்குகிறார்கள்.

இதனால்தான் வீட்டுக்கு எந்தத் துப்பாக்கி என்ற கேள்வியோடு எந்தத் தோட்டா என்ற கேள்வியும் சேர்ந்தே வர வேண்டும். 1986-இல் மியாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு எஃப்பிஐ அதிகாரிகள் இறந்தனர். அதன்பின் அந்த அமைப்பு தோட்டாக்களைச் சோதிக்க ஒரு முறையை வகுத்தது: தசைக்கு ஈடான ஜெலட்டின் கட்டியில் குண்டு குறைந்தது 12 அங்குலம் போக வேண்டும், 18-ஐத் தாண்டக் கூடாது. உடலில் பட்டதும் விரியும்படி முனையில் குழி விட்ட குண்டுகள் இந்த வரம்புக்குள் நிற்பதற்காகவே செய்யப்படுகின்றன. பயிற்சிக்கு விற்கும் மலிவான முழு உறைக் குண்டுகள் வரம்பில் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். காசு மிச்சம் என்று அவற்றையே படுக்கையறைத் துப்பாக்கியிலும் போட்டு வைப்பவர்கள் இருக்கிறார்கள். பத்தி இதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நீதிபதியிடம் அதைக் கேட்கவும் முடியாதுதான்.

"கைத்துப்பாக்கியை விரும்புவதற்குப் பல காரணங்கள் உண்டு"

கைத்துப்பாக்கி என்பது இங்கே இரண்டையும் குறிக்கும்: சுழலும் உருளையில் ஐந்தாறு தோட்டா கொள்ளும் ரிவால்வர், பிடிக்குள் மேகசின் செருகிச் சுடும் பிஸ்டல். அடுத்து வரும் நான்கு காரணங்களுக்கும் ஸ்கலியா ஆய்வோ சாட்சியமோ எதையும் மேற்கோள் காட்டவில்லை. பொதுப் புத்திக்குப் பட்டதைச் சொல்லிப் போகிறார். மேற்கோளும் அடிக்குறிப்பும் மிகுந்த தீர்ப்பில், இந்தப் பத்தி மட்டும் வெறுங்கையோடு நிற்பதைக் கவனிக்க வேண்டும்.

"அவசரத்தில் உடனே எட்டும் இடத்தில் வைத்துக்கொள்வது எளிது"

அளவைப் பொறுத்தவரை மறுக்க ஒன்றுமில்லை. 1988-இல் வந்த கிளாக் 19 பிஸ்டல் ஒரு சாண் நீளம்கூட இல்லை. தோட்டா இல்லாமல் முக்கால் கிலோவுக்கும் குறைவு. அதே வேலைக்கு வாங்கப்படும் ரெமிங்டன் 870 ஷாட்கன் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம், மூன்று கிலோவுக்கு மேல் எடை. அதைக் குட்டையாக்கிக்கொள்ளவும் எளிய வழியில்லை. குழல் 18 அங்குலத்துக்குக் குறைந்த ஷாட்கன்னையும் 16 அங்குலத்துக்குக் குறைந்த ரைபிளையும் 1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டம் தனிப் பதிவின்கீழ் வைத்திருக்கிறது. குற்றக் கும்பல்கள் கோட்டுக்குள் மறைத்துச் சென்ற வெட்டுக்குழல் துப்பாக்கிகளை ஒடுக்க வந்த சட்டம் அது.

ஆகக் கட்டிலோரச் சிறுமேசையின் இழுப்பறையில் கைத்துப்பாக்கிதான் அடங்கும். சரி. யாருடைய கைக்கு எட்டும் என்பதுதான் விடுபட்ட வினா. இழுப்பறைக்கு ஆளை அடையாளம் தெரியாது. கண்விழித்த வீட்டுக்காரருக்கு எட்டுவது, பிற்பகலில் அறைக்குள் விளையாடும் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் எட்டும். தோட்டா நிரப்பிய, பூட்டாத துப்பாக்கி இருக்கும் வீடுகளில் சுமார் 46 லட்சம் அமெரிக்கக் குழந்தைகள் வாழ்கிறார்கள் என்று 2015-இல் நடத்திய ஒரு தேசியக் கணக்கெடுப்பு மதிப்பிட்டது. ஹெல்லர் வழக்கில் மாறுபட்டு எழுதிய நீதிபதி ஸ்டீபன் பிரையர் இதைத்தான் பிடித்தார். கைத்துப்பாக்கியைத் தற்காப்புக்கு உகந்ததாக்கும் தன்மைகளே அதை ஆபத்தானதாகவும் ஆக்குகின்றன என்றார். பிடிக்க எளிதானது பிள்ளைக்கும் எளிது. சிறியது திருடிப் போகவும் எளிது, மறைத்துக் கொண்டுபோகவும் எளிது. ஸ்கலியாவின் பட்டியலை வரிக்கு வரி திருப்பிப் போட்டதுபோல இருக்கிறது அந்தப் பகுதி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பவருக்கு உரையாசிரியரே தேவையில்லை.

எட்டும் கை பெரியவருடையதாகவே இருந்தாலும் கேள்வி தீரவில்லை. அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைகள். 2021-இல் மொத்தம் 48,830 பேர் இறந்தார்கள். அவர்களில் 26,328 பேர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். கலிஃபோர்னியாவில் 2004 முதல் 2016 வரை இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2020-இல் வெளிவந்தது. கைத்துப்பாக்கி வைத்திருக்கும் ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் வாய்ப்பு, வைத்திராத ஆண்களைவிட ஏறத்தாழ எட்டு மடங்கு. பெண்களிடையே 35 மடங்கு. தற்கொலை எண்ணம் பலரிடம் சில மணி நேரமோ சில நிமிடங்களோதான் உச்சத்தில் நிற்கிறது. மற்ற வழிகளில் முயன்றவர்களில் பெரும்பாலோர் பிழைத்து, பிறகு வாழ்ந்தும் விடுகிறார்கள். துப்பாக்கி அந்த இடைவெளியைத் தருவதில்லை. மனம் சோர்ந்த ஒருவர் இருக்கும் வீட்டில் "உடனே எட்டும்" என்பது நன்மைப் பட்டியலில் சேராது. அப்படிப்பட்ட காலத்தில் துப்பாக்கியை நண்பர் வீட்டிலோ வெளியே பாதுகாப்பிலோ கொடுத்து வைப்பதுதான் வீட்டைக் காப்பது.

அப்படியானால் பூட்டி வைத்துவிட்டால் திருடன் வரும்போது என்ன செய்வது? இதற்குச் சந்தையில் விடை இருக்கிறது: கட்டிலோடோ சுவரோடோ திருகி இணைக்கும் சிறு பெட்டகம். இருட்டில் விரல் தடவிச் சங்கேத வரிசையில் நான்கைந்து பொத்தான்களை அழுத்தினால் இரண்டு மூன்று நொடியில் திறக்கும். விரல்ரேகைப் பெட்டகங்கள் இதைவிட நவீனம் என்று விற்கப்படுகின்றன. அவற்றில் சில, பதியாத ரேகைக்கும் திறந்ததால் 2023-இல் சுமார் 61,000 பெட்டிகள் திரும்பப் பெறப்பட்டன. இவ்வகையில் நான் பழைய பொத்தான் பக்கம்.

இன்னொன்று. இதே தீர்ப்பின் பின்பகுதியில், விபத்தைத் தடுக்கத் துப்பாக்கியை எப்படி வைத்திருக்க வேண்டும் என்று விதிக்கும் சட்டங்கள் இதனால் செல்லாமல் போகா என்று ஸ்கலியாவே எழுதியிருக்கிறார். முன்னே சொன்னதைப் பின்னே சொன்னதோடு கூட்டிப் பொருள் கொள்வது உரைமரபு. எட்டும் இடம் என்பதைப் பூட்டிய, ஆனால் எட்டும் இடம் என்று கொள்வதற்குத் தீர்ப்பிலேயே இடமிருக்கிறது. மேற்கோள் காட்டுபவர்கள் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள்.

"திருப்பிவிடுவதோ பிடுங்கிக்கொள்வதோ எளிதல்ல"

குறுகிய நடையில் நீளக் குழலோடு திரும்பும்போது குழல் முனை ஆளுக்கு முன்னே போய் நிற்கும். கதவுக்குப் பின்னால் இருப்பவர் அதைப் பிடித்துத் தள்ளலாம். அது உண்மை. நெருக்கம் எவ்வளவு ஆபத்து என்பதற்கு சால்ட் லேக் சிட்டி போலீஸ் சார்ஜென்ட் டென்னிஸ் டுல்லர் 1983-இல் எழுதிய கட்டுரையை இன்றும் சொல்வார்கள்: கத்தியோடு ஓடிவரும் ஒருவர் 21 அடியை ஏறக்குறைய ஒன்றரை நொடியில் கடந்துவிடுவார். அமெரிக்க வீட்டில் பெரும்பாலான அறைகள் 21 அடி நீளம் இருக்காது.

ஆனால் வீட்டுக்காரர் ஏன் நடையில் திரிகிறார்? பயிற்சியாளர்களில் பெரும்பாலோர் சொல்வது நேர்மாறானது. வீட்டைத் துழாவப் போகாதே. குழந்தைகளை ஓர் அறையில் சேர், கதவைத் தாழிடு, கட்டிலுக்குப் பின்னால் கதவைப் பார்த்தபடி இரு, போலீஸை அழை. இப்படி ஓரிடத்தில் இருப்பவருக்கு நீளத் துப்பாக்கியின் குறை பெரிதும் மறைந்துவிடுகிறது. ஆயுதத்தைத் தேர்ந்தபிறகு திட்டம் வகுப்பவர்கள் அதிகம். திட்டம் முதலில் வர வேண்டும், ஆயுதம் அதற்குப் பிறகு. திட்டம் வகுத்தபின் ஆயுதமே வேண்டாம், நல்ல கதவும் தாழும் போதும் என்று முடிவுக்கு வருபவர்களும் உண்டு.

"தோளிலும் கைகளிலும் வலு இல்லாதவர்களுக்கு எளிது"

நான்கில் வலுவற்ற காரணம் இதுதான் என்பது என் துணிபு.

தூக்குவதற்குக் கைத்துப்பாக்கி எளிது. சுட்டுக் குறியில் படச் செய்வதற்குக் கடினம். நீளத் துப்பாக்கியை இரண்டு கைகளும் தோளும் கன்னமும் தாங்குகின்றன. கைத்துப்பாக்கிக்கு மணிக்கட்டு மட்டும். குழல் குட்டையாக இருப்பதால் கையின் சிறு நடுக்கமும் குறியில் பெரிய விலகலாகிவிடும். எடை குறைவாக இருப்பதால் சுட்டதும் உதைக்கும் உதை முழுதும் கைக்கே வருகிறது. வயதான அம்மாவுக்கு உகந்தது என்று மகன் வாங்கித் தரும் குட்டி ரிவால்வரைவிடக் கொடிய உதை தருவது அரிது. அதன் விசையை இழுக்க நான்கரை, ஐந்து கிலோவுக்கு ஈடான இழுவிசை வேண்டும். கீல்வாதம் வந்த விரலால் அது ஆகாது. பிஸ்டல் என்றால் மேற்சட்டத்தைப் பின்னுக்கு இழுக்கும் ஸ்பிரிங் விறைப்பாக இருக்கும். இதற்கென்றே ஸ்மித் அண்ட் வெஸன் 2018-இல் எளிதில் இழுபடும் ஒரு வகையைக் கொண்டுவந்தது. தேவை இருந்ததால்தானே கொண்டுவந்தார்கள்.

நீளத் துப்பாக்கிகளில் ஏஆர்-15 வகை ரைபிளுக்கு உதை மிகக் குறைவு, தோள்கட்டையின் நீளத்தை ஆளுக்கேற்ப மாற்றலாம். அந்த வகையை ஆதரிப்பவர்கள் இதையே சொல்வார்கள். பல மாநிலங்கள் அதைத் தடைசெய்திருப்பது வேறு கதை. ஷாட்கன் அப்படியல்ல. 12 கேஜ் என்றால் ஒரு பவுண்டு ஈயத்தில் 12 உருண்டை செய்தால் ஓர் உருண்டை நுழையும் குழல் என்று பொருள்; அதன் உதை பழகாத தோளைக் கன்றச் செய்யும். 2013 பிப்ரவரியில் துணை அதிபர் ஜோ பைடன், ஷாட்கன் வாங்குங்கள் என்று நாட்டுக்கே யோசனை சொன்னார். ஆபத்து என்றால் மாடத்துக்குப் போய் இரண்டு முறை சுடு என்று மனைவியிடம் சொல்லி வைத்திருப்பதாகவும் சொன்னார். வழக்கறிஞர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். எச்சரிக்கைக்காக வானத்தில் சுடுவது பல இடங்களில் குற்றம். அதே ஆண்டு வாஷிங்டன் மாநிலத்தில் ஒருவர் அப்படியே சுட்டுவிட்டு, துணை அதிபர் சொன்னதைச் செய்தேன் என்றார். வழக்குப் பதிவானதுதான் மிச்சம்.

ஷாட்கன்னுக்குக் குறி பார்க்கவே வேண்டாம், சிதறிப் போய் எங்காவது படும் என்ற நம்பிக்கையும் பரவலானது. சினிமாவில் சரி. அறையின் நீளத்துக்குள் அந்தக் குண்டுகள் பெரிதாகச் சிதறுவதில்லை. குறி தவறினால் தவறியதுதான்.

ஸ்கலியாவுக்கு நீளத் துப்பாக்கி தெரியாத ஒன்றல்ல. நியூயார்க்கில் பள்ளி மாணவராக இருந்தபோது ரைபிள் அணியில் இருந்தவர். துப்பாக்கியோடு சப்வே ரயிலில் போய்வந்ததைப் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். கடைசிவரை வேட்டைக்குப் போனவர். தெரிந்தே இந்தக் காரணத்தை எழுதியிருக்கிறார் என்றால், எந்தத் துப்பாக்கி உண்மையில் எளிது என்பது அவருடைய கேள்வியாக இல்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

"ஒரு கையால் திருடனை நோக்கி, மறு கையால் போலீஸுக்கு"

பத்தியிலேயே மிகவும் உயிருள்ள காட்சி. மிகவும் தவறான காட்சியும்கூட. ஒற்றைக் கையால் சுடுவதை விட்டு இரு கைப்பிடிக்கு மாறச் சொல்லியே ஐம்பதுகளின் இறுதி முதல் பயிற்சியாளர்கள் பாடம் நடத்துகிறார்கள். லாஸ் ஏஞ்சலஸ் ஷெரிப் துறையைச் சேர்ந்த ஜாக் வீவர் போட்டிகளில் இரு கையால் பிடித்து வெல்லத் தொடங்கிய பிறகு வந்த மாற்றம் அது. ஒரு கையில் தளர்வாகப் பிடித்த பிஸ்டல் சுட்டபின் அடுத்த தோட்டாவை ஏற்றாமல் சிக்கிக்கொள்ளவும் கூடும். நடுங்கும் ஒரு கையில் விசையைத் தொட்ட விரல். மறு கையில் எண்களைத் தேடும் விரல். ஒரு கை இறுகும்போது மற்றதும் அறியாமலே இறுகும் என்பதைப் போலீஸ் பயிற்சியிலேயே எச்சரிப்பார்கள்.

மறு கைக்கு வேறு வேலை காத்திருக்கிறது: டார்ச். இருட்டில் நிற்பது யார் என்று தெரியாமல் துப்பாக்கியை நீட்டக் கூடாது. துப்பாக்கியிலேயே பொருத்திய விளக்கு நல்லதுதான், ஆனால் வெளிச்சம் போடும் பக்கமெல்லாம் குழலும் திரும்பும். ஆள் யாரென்று பார்க்கவே அவர்மேல் துப்பாக்கியை நீட்ட வேண்டியதாகிறது. ஆகவே தனி டார்ச் ஒன்று வேண்டும். துப்பாக்கிக்கு ஒரு கை, டார்ச்சுக்கு ஒரு கை, போனுக்கு ஒரு கை, பிள்ளையைப் பிடிக்க ஒரு கை. போனை ஸ்பீக்கரில் போட்டுக் கீழே வைத்துவிட்டு, முகவரியை முதலில் சொல்லிவிடுவதே நடைமுறை. அவசர உதவி எண்ணான 911-இல் எடுப்பவர் முதலில் கேட்பதும் அதைத்தான்.

அடுத்து "திருடன்". பத்தியில் அவர் திருடர் என்பதில் ஐயமே இல்லை. வீடுகளில் அப்படித் தெளிவாக எழுதி ஒட்டியிருப்பதில்லை. 1992 அக்டோபரில் லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில், 16 வயது ஜப்பானிய மாணவர் ஒருவர் ஹாலோவீன் விருந்துக்குப் போகும் வழியில் வீடு மாறி அழைப்பு மணியை அழுத்தினார். வீட்டுக்காரர் .44 மேக்னம் ரிவால்வரை எடுத்து வந்தார். அசையாதே என்று கத்தியது அந்த மாணவருக்கு விளங்கவில்லை. மாணவர் இறந்தார். குற்ற வழக்கில் வீட்டுக்காரர் விடுதலையானார். உரிமையியல் வழக்கில் ஆறரை லட்சம் டாலர் இழப்பீடு விதிக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் கான்சஸ் சிட்டியில் தம்பிகளை அழைத்துப்போக வந்த 16 வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவன், ஒரே எண் கொண்ட இரு தெருப் பெயர்களில் ஒன்றை மற்றதாக எண்ணித் தவறான வீட்டு மணியை அடித்தான். 84 வயதான வீட்டுக்காரர் கண்ணாடிக் கதவு வழியாகவே ரிவால்வரால் சுட்டார். தலையில் குண்டு பட்டும் சிறுவன் பிழைத்தான். இரண்டு வீட்டிலும் ஆயுதம் கைத்துப்பாக்கி, உடனே எட்டும் இடத்தில் இருந்தது, கையாளவும் எளிதாக இருந்தது.

உள்ளே வந்துவிட்டவர் பற்றியும் கணக்கு உண்டு. 2003 முதல் 2007 வரையிலான வீட்டுத் திருட்டுகளை ஆராய்ந்த கூட்டரசு நீதித்துறைப் புள்ளிவிவரப் பிரிவு, ஆண்டுக்குச் சராசரி 37 லட்சம் திருட்டுகளில் சுமார் 28 சதவீதத்தில்தான் வீட்டில் ஆள் இருந்ததாகச் சொன்னது. வன்முறை நடந்த திருட்டுகளில் 65 சதவீதம் பாதிக்கப்பட்டவருக்கு ஏற்கெனவே தெரிந்தவர் செய்தது. பழைய கணவர், பழைய காதலர், உறவினர், பக்கத்து வீட்டார். முகமூடி போட்ட அந்நியனை மனதில் வைத்தே கடைகளில் துப்பாக்கி விற்கிறது.

"காரணம் எதுவானாலும் சரி, அமெரிக்கர்கள் மிகுதியும் தேர்ந்துகொள்ளும் ஆயுதம்"

பத்தியின் அச்சு இங்கே இருக்கிறது. நான்கு காரணம் சொல்லிவிட்டு, அவை எதுவும் வேண்டியதில்லை என்று ஒரே வீச்சில் ஒதுக்கிவிடுகிறார். கைத்துப்பாக்கி சிறந்ததா என்பது நீதிமன்றத்துக்கு வேண்டாம். பலர் அதைத் தேர்ந்திருக்கிறார்கள், அது போதும். முன்னுள்ள நான்கும் அலங்காரம். பாரம் முழுதும் "மிகுதியும்" என்ற சொல்மேல் நிற்கிறது. பலர் வைத்திருப்பது அரசியலமைப்பு தரும் ஆயுத உரிமைக்குள் வரும், தடைசெய்யப்பட்டதால் சிலரே வைத்திருப்பது வராது என்றால் இது வட்டமடிக்கும் வாதம் அல்லவா என்று பிரையர் கேட்டார். நல்ல கேள்வி. ஸ்கலியாவின் பக்கம் நின்று சொல்வதானால், தன் வீட்டில் தன்னைக் காக்க எது தோதென்று முடிவு செய்வது தனி ஆளின் வேலை, அதை நகர மன்றம் ஆணையிடலாகாது என்பதும் எளிதில் தள்ளிவிடக் கூடிய நிலைப்பாடல்ல. போலீஸ் வரத் தாமதமாகும் தொலைவுகளில், மிரட்டலுக்கு ஆளான பெண்கள் தனியே வாழும் வீடுகளில், அது வெறும் தத்துவமாக இருப்பதில்லை.

ஆனால் மிகுதியும் தேர்ந்தார்கள் என்பது நன்கு தேர்ந்தார்கள் என்பதாகாது. பியூ ஆய்வு மையம் 2023-இல் கேட்டபோது, துப்பாக்கி வைத்திருப்போரில் 72 சதவீதம் பேர் பாதுகாப்பு ஒரு முக்கியக் காரணம் என்றார்கள். 1993-இல் ஆர்தர் கெல்லர்மனும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு, துப்பாக்கி இருக்கும் வீட்டில் கொலை நடக்கும் வாய்ப்பு 2.7 மடங்கு என்று கண்டது. ஆபத்தில் இருப்பவர்கள்தானே துப்பாக்கி வாங்குகிறார்கள், காரணமும் விளைவும் மாறிக் கிடக்கின்றன என்று எதிர்ப்பு எழுந்தது. அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. அதை மேலும் ஆராய்ந்து தீர்ப்பதற்குப் பதிலாக, நாடாளுமன்றம் 1996-இல் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பணத்தைத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்கச் செலவிடக் கூடாதென்று விதித்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் கூட்டரசு நிதியில் ஆய்வு ஏறக்குறைய நின்றுபோனது. பிறகு 2022-இல் அதே கலிஃபோர்னியப் பதிவேடுகளிலிருந்து வந்த இன்னோர் ஆய்வு, துப்பாக்கி வைத்திருப்பவரைப் பற்றி அல்லாமல் அவரோடு ஒரே வீட்டில் வாழ்பவர்களைப் பற்றிக் கேட்டது. தமக்கென்று துப்பாக்கி இல்லாத அவர்கள் கொலையாகும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல். வீட்டிலேயே துணைவரால் சுட்டுக் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்கு. அப்படிக் கொல்லப்பட்டவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள்.

அந்நியரால் கொல்லப்படும் வாய்ப்பு அந்த வீடுகளில் குறைந்ததாகவும் அந்த ஆய்வு காணவில்லை. எதற்காக வாங்கினார்களோ அதுவே நிறைவேறியதாகத் தெரியவில்லை.

"முற்றாகத் தடைசெய்வது செல்லாது"

முற்றாக என்ற அடைமொழியை விட்டுவிடக் கூடாது. குற்றவாளிகளுக்கும் மனநோயாளிகளுக்கும் துப்பாக்கி மறுக்கும் சட்டங்கள், பள்ளிகளிலும் அரசுக் கட்டடங்களிலும் விதிக்கும் தடைகள் நிற்கும் என்று தீர்ப்பு கூறுகிறது. 2010-இல் மெக்டொனால்டு எதிர் சிகாகோ வழக்கில் இந்த உரிமை மாநிலங்களையும் நகரங்களையும் கட்டுப்படுத்தும் என்றானது. 2022-இல் நியூயார்க் வழக்கில் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் எழுதிய தீர்ப்பு, உரிமையை வீட்டு வாசலுக்கு வெளியே தெருவுக்குக் கொண்டு வந்தது. எந்தக் கட்டுப்பாடும் நாட்டின் வரலாற்று மரபோடு ஒத்துப்போக வேண்டும் என்ற அளவுகோலையும் வைத்தது.

அந்த அளவுகோலைப் பிடித்துக்கொண்டு, குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடையுத்தரவுக்கு உள்ளானவரிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது என்ற சட்டமும் செல்லாது என்று ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் அப்படியொரு சட்டம் இல்லையே என்பது அதன் வாதம். 2024 ஜூனில் ரஹிமி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தியது. பிறருக்கு நம்பத்தகுந்த அச்சுறுத்தல் என்று நீதிமன்றம் கண்ட ஒருவரிடமிருந்து தற்காலிகமாக ஆயுதத்தை விலக்கி வைக்கலாம் என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதினார். 2008-இன் பத்தியில் இடம் கிடைக்காத ஆள், அதாவது துப்பாக்கி வைத்திருப்பவருக்கு நெருங்கியவர், இங்கே வழக்கின் நடுவில் நிற்கிறார். எட்டு பேர் ஒருபுறம். மாறுபட்டவர் ஒருவர்தான், 2022 தீர்ப்பை எழுதிய தாமஸ்.